ஃபிளாப் இறங்காத விமானம்: எல்லைப்புற வாசகர்களின் கேள்விகள்

வளைகுடாவிலிருந்து கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையத்துக்கு வரும்போது இறக்கையின் பின்பகுதி நீண்டு கீழே சாய்வதைப் பார்த்திருக்கிறேன். அது இறங்காவிட்டால் விமானம் விழுந்துவிடுமா? (கொழிஞ்சாம்பாறை வாசகர்)

விழாது. பின்விளிம்பில் உள்ள ஃபிளாப்பும் முன்விளிம்பில் உள்ள ஸ்லாட்டும் குறைந்த வேகத்திலும் விமானத்தைத் தாங்கிப் பிடிப்பவை. அவை இயங்காதபோது அதே எடையைத் தாங்க விமானம் கூடுதல் வேகத்தில் வந்தாக வேண்டும். வழக்கமாக 140 நாட், அதாவது மணிக்கு சுமார் 260 கி.மீ. வேகத்தில் தரை தொடும் விமானம் 170 நாட் வேகத்தில் இறங்க நேர்ந்தால், கூடியது ஐந்தில் ஒரு பங்குதான் என்று தோன்றும். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகுவதால், பிரேக்குகள் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். மூக்கை வழக்கத்தைவிட உயர்த்தியே வர வேண்டியிருப்பதால், வால் தரையில் உரசாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் ஈடு கொடுப்பது நீண்ட ஓடுதளம். நெடும்பாசேரியின் 3,400 மீட்டர் அவ்வகையில் ஆறுதலானது.

1983 ஜூலை 23 அன்று எரிபொருள் தீர்ந்துபோன ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று, ஃபிளாப் இல்லாமலேயே கிம்லி என்னும் ஊரின் பழைய ஓடுதளத்தில் இறங்கியது. அதில் ஒருவரும் இறக்கவில்லை.

ஒரு பக்க ஃபிளாப் மட்டும் இறங்கினால்? (களியக்காவிளை வாசகர்)

இரண்டும் இறங்காததைவிட இதுவே பொல்லாதது. ஒரு இறக்கை அதிகமாகத் தூக்க, மற்றொன்று தாழ, விமானம் ஒருக்களித்துப் புரள முயலும். 1979 மே 25 அன்று சிகாகோவில் மேலெழும்பிய டிசி-10 விமானத்தின் இடது இன்ஜின் பிய்த்துக்கொண்டு போனபோது ஸ்லாட்டுகளை இயக்கும் ஹைட்ராலிக் (திரவ அழுத்த) குழாய்கள் அறுந்து, அந்தப் பக்க ஸ்லாட்டுகள் மட்டும் உள்வாங்கிக்கொண்டன. விமானம் இடப்பக்கம் கவிழ்ந்து விழுந்ததில் தரையில் இருந்த இருவர் உட்பட 273 பேர் மாண்டனர். இன்றைய ஏர்பஸ் 320 போன்றவற்றில் இரு பக்க நகர்வையும் உணரிகள் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வேறுபாடு தெரிந்ததும் இறக்கை நுனிப் பிரேக்குகள் அந்த அமைப்பை அப்படியே பூட்டிவிடும். பாதி வழியில் நின்ற ஃபிளாப் என்று விமானிகள் சொல்வதில் ஒரு பகுதி இவ்வாறு வேண்டுமென்றே நிறுத்தப்பட்டதுதான்.

கரிப்பூர் போன்ற மேசை ஓடுதளத்தில் (குன்றின் உச்சியைச் சமன்படுத்தி அமைத்தது) ஃபிளாப் பழுதானால்? (கூடலூர் வாசகர்)

தேவைப்படும் நீளத்தைக் கணக்கிட்டு, போதாது என்று தெரிந்தால் விமானி வேறு நிலையத்தைத் தேடுவார். கரிப்பூரில் விமானம் ஓடுதளத்தைத் தாண்டி விழுந்த 2020 ஆகஸ்ட் 7 விபத்தை மனத்தில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே ஃபிளாப் பழுது காரணமன்று. மழையில், பின்காற்றுடன் வந்த விமானம் ஓடுதளத்தில் ஏறத்தாழ பாதி கடந்தபின் தரை தொட்டது. ஆயினும் மிஞ்சிய தூரம் போதாமல் போவது என்ற ஆபத்து அந்த விபத்துக்கும் ஃபிளாப் பழுதுக்கும் பொது.

அப்படியானால் உடனே தொலைவில் உள்ள பெரிய நிலையத்துக்குப் போய்விடலாமே? (வாளையாறு வாசகர்)

ஃபிளாப் இறங்கிய நிலையில் சிக்கியிருந்தால் இழுவை கூடும், எரிபொருள் மளமளவென்று கரையும், வேகத்துக்கும் வரம்பு உண்டு. ஆகவே எட்டக்கூடிய தூரம் சுருங்கிவிடும். உள்ளேயே நின்றுவிட்டால் தாராளமாகப் போகலாம். வட்டமடிப்பதைக் கண்டு பயணிகள் பதறுவதுண்டு. சரிபார்ப்புப் பட்டியலை முடிக்கவும், எரிபொருளை எரித்து எடையைக் குறைக்கவும் அந்த நேரம் வேண்டும். எடை குறைந்தால் இறங்கு வேகமும் குறையும். போயிங் 737, ஏர்பஸ் 320 ஆகியவற்றில் எரிபொருளை வானிலேயே கொட்டிவிடும் வசதி இல்லை.

இறங்கியபின் தீயணைப்பு வண்டிகள் ஏன் சூழ்ந்துகொள்கின்றன? (அதே வாசகர்)

சூடேறிய பிரேக்குகளுக்காக. சூடு எல்லை மீறினால் சக்கரத்தில் உள்ள உருகு அடைப்பான்கள் உருகி, டயர் வெடிக்குமுன் காற்றை வெளியேற்றிவிடும். வண்டிகள் சக்கரங்களைப் பார்த்து முடிக்கும்வரை பயணிகள் இருக்கையிலேயே காத்திருக்க நேரலாம்.