கேளுங்கள், சொல்கிறோம்: பாப்பரசரும் பனியில் நின்ற ராஜாவும்

கேள்வி: பெரிய படை ஏதுமில்லாத பாப்பரசருக்கு ஐரோப்பிய ராஜாக்கள் ஏன் அப்படிப் பயந்தார்கள்? உயர்தரத்தில் வரலாறு படிக்கும் மகள் கேட்டாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. (வாசகி, உப்புவெளி, திருகோணமலை)

பதில்: ராஜா பயந்தது பக்கத்தில் நின்ற தன் பிரபுக்களுக்குத்தான் என்று மகளிடம் சொல்லுங்கள். அந்தக் காலத்து அரசனிடம் சம்பளப் பட்டாளம் பெரிதாகக் கிடையாது. நிலம் வாங்கிக்கொண்ட பிரபுக்கள் கடவுள் பேரில் செய்துகொடுத்த சத்தியத்தில்தான் ஆட்சியே ஓடியது. அந்தச் சத்தியத்தை அவிழ்த்துவிட எனக்கு உரிமை உண்டு என்றார் பாப்பரசர் ஏழாம் கிரகோரி. 1076இல் ஜேர்மனியின் ராஜா நான்காம் ஹென்றியைச் சபையிலிருந்து விலக்கி, இனி யாரும் அவனுக்குக் கட்டுப்பட வேண்டாம் என்றும் அறிவித்துவிட்டார். ஏற்கெனவே ஹென்றிமேல் கடுப்பில் இருந்த பிரபுக்களுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஒரு வருடத்துக்குள் மன்னிப்பு வாங்காவிட்டால் நீ ராஜாவே இல்லை என்று நின்றார்கள். அப்புறம் என்ன, 1077 ஜனவரியில் ஆல்ப்ஸ் மலையைக் கடந்துபோய், இத்தாலியில் பாப்பரசர் தங்கியிருந்த கனோசாக் கோட்டை வாசலில் மூன்று நாள் பனியில் வெறுங்காலோடு நின்றான். நாம் மார்கழி வாடைக்கே போர்வை தேடுகிற ஆட்கள். மன்னிப்புக் கேட்டு வாசலில் நிற்பவனை ஒரு குருவானவர் எப்படித் திருப்பி அனுப்புவது? மன்னித்தார். கெட்டிக்காரன் ஹென்றிதான் என்பேன், ஏனென்றால் 1084இல் அதே ஆள் ரோமைப் பிடித்தான், கிரகோரி அடுத்த வருடம் சலேர்னோவில் அகதியாக இறந்தார்.

கேள்வி: ஆயரை யார் நியமிப்பது என்பதற்கா இவ்வளவு சண்டை? (அதே வாசகி)

பதில்: அதற்கேதான். அன்றைய ஆயர் பூசை வைப்பதோடு நிற்கவில்லை. நிலம், வரி, வழக்கு, போருக்கு ஆள் அனுப்புவது எல்லாம் அவர் கையில். பிரபுவுக்குக் கொடுத்த நிலம் மகன், பேரன் என்று போய்விடும். ஆயருக்கு வாரிசு இல்லை, ஆகவே அடுத்தவரையும் தானே போடலாம் என்பது அரசனின் கணக்கு. 1122இல் ஜேர்மனியின் வோர்ம்ஸ் நகரில் சமரசமானது: ஆயர் பதவிக்கு அடையாளமான மோதிரமும் கோலும் சபை கொடுக்கும், நிலமும் அதிகாரமும் அரசன் கொடுப்பான்.

கேள்வி: இதில் சாதாரண சனத்துக்கு என்ன? (வாசகர், மூதூர்)

பதில்: விளைச்சலில் பத்தில் ஒன்று தசமபாகமாகக் கோவிலுக்குப் போனது, அது எப்போதும் உள்ளதுதான். பெரியவர்கள் முட்டிக்கொண்டபோதுதான் கொடுமை. இங்கிலாந்தின் ஜோன் மன்னன் பாப்பரசரோடு மோதியதில், பாப்பரசர் போட்ட தடையால் 1208 முதல் 1214 வரை நாடு முழுக்கக் கோவில்களில் வழிபாடு நின்றுபோனது. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடைத்தது. செத்தவருக்கோ சேமக்காலையில் இடம் கிடைக்கவில்லை.