இரும்புக் குண்டும் தராசும்

வணக்கம் ஐயா,
தரம் பத்துப் பிள்ளைகளுக்குச் 'சுயகட்டுப்பாடு' பற்றிப் பாடம் எடுத்தேன். உடம்பு வியர்ப்பதில் தொடங்கி நல்ல பழக்கவழக்கத்தில் முடித்தேன். ஒரு பையன் எழும்பி, "டீச்சர், கம்பனிகளும் தங்களைத் தாங்களே கட்டுப்படுத்திக்கொள்ளும் என்கிறார்களே, அதுவும் இதுதானா?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தானா?
ஆசிரியை ஒருவர், பண்டாரவளை

அன்புள்ள டீச்சர்,

சொல் ஒன்றுதான். பையன் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறான்.

பழைய தேயிலை ஸ்டோர்களில், அதாவது தொழிற்சாலைகளில், நீராவி இயந்திரம் ஓடிய காலம் ஒன்று உண்டு. அந்த மாதிரி இயந்திரத்தில் இரண்டு இரும்புக் குண்டுகள் சுற்றும். 1788இல் ஜேம்ஸ் வாட் பொருத்தியது. மாவு ஆலைகளில் முன்பே இருந்த உத்திதான். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து மேலே போகும், போகிற போக்கிலேயே ஒரு கம்பியை இழுத்து நீராவியைக் குறைக்கும். வேகம் குறைந்தால் கீழே இறங்கும், நீராவி கூடும். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டியதில்லை. வேகத்தை உணர்வதும் குண்டு, வால்வை மூடுவதும் குண்டு. வியர்வையும் அப்படித்தான், சூட்டில் தவிக்கிற உடம்பேதான் வியர்க்கிறது.

இனி பையன் கேட்ட கேள்விக்காக, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு வாருங்கள். என் அம்மா கொழுந்து பறித்தவர். நிறுக்கும்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று இரண்டு கிலோ கழிப்பார்கள். மழைநாளில் சரி. மாசி வெயிலில், இலை மொரமொரவென்று கிடக்கும்போதும் அதே இரண்டு கிலோ! நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். தராசைப் பிடித்த கை ஒன்று, காய்ந்த வயிறு வேறொன்று. இரண்டையும் இணைக்கிற கம்பி கிடையாது.

1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் போன பிறகு, கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் தமக்குள் பேசிக் கூட்டு ஒப்பந்தம் எழுதின. அதை நான் முழுக்கக் குறை சொல்லமாட்டேன், மேசைக்கு மறுபக்கமும் ஆள் இருந்ததே. ஆனாலும் 2021இல் 1000 ரூபாய் நாட்சம்பளத்துக்கு அரசு அமைத்த சம்பள நிர்ணய சபைதான் வரவேண்டியிருந்தது.

மனிதர் விஷயத்தில் மட்டும் சுயகட்டுப்பாட்டை நல்ல குணம் என்று பாராட்டிவிடுகிறோம். அம்மா, கங்காணி பார்க்காத மலையிலும் முத்தல் இலையைக் கூடையில் போடமாட்டார். "போட்டால் நிறை கூடுமே?" என்று ஒருமுறை கேட்டேன். கை நிற்காமலே சொன்னார்: "மடுவத்துல கொட்டிப் பாப்பாங்க. போறது ஏம் பேருதானே."