உங்கள் வாசிப்புக் குழுவில் அதிகம் சண்டை மூட்டிய நாவல் எது?

ஜோசஃபின் டே 1951-இல் எழுதிய 'தி டாட்டர் ஆஃப் டைம்'. சந்தேகமே இல்லை.

இத்தனைக்கும் அதில் துரத்தல், துப்பாக்கி எதுவும் கிடையாது. கால் முறிந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் போலீஸ் அதிகாரி ஒருவர், பொழுது போகாமல் மூன்றாம் ரிச்சர்டின் ஓவியத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். 12 வயதும் 9 வயதுமான அண்ணன் பிள்ளைகளை லண்டன் கோபுரத்தில் கொன்றுவிட்டதாகக் கெட்ட பெயரெடுத்த இங்கிலாந்து ராஜா. முகத்தைப் பார்த்தால் கொலைகாரனாகத் தெரியவில்லையே என்று இவருக்குத் தோன்ற, படுத்தபடியே வழக்கைக் கிளறுகிறார். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று வருடக்கணக்காக அடித்துக்கொண்ட கூட்டம் நாங்கள், கேட்க வேண்டுமா?

எனக்குத் தூக்கம் போன இடம் ஒன்று உண்டு. ரிச்சர்டைப் பற்றிய பழைய கதைகளுக்கு முக்கிய ஆதாரம் ஆங்கிலேய அறிஞர் தாமஸ் மோர் எழுதியது. ஆனால் 1483-இல், அதெல்லாம் நடந்தபோது, மோருக்கு ஐந்து வயதுதான்! வளர்ந்ததோ ரிச்சர்டின் பரம எதிரியான மார்ட்டனின் வீட்டில். அந்தப் பக்கத்திலேயே ராஜாவை விடுதலை செய்துவிட்டேன். குழுவில் பாதிப் பேர் அப்படித்தான் வந்திருந்தார்கள்.

ஓய்வுபெற்ற வக்கீலம்மா ஒருவர் மட்டும் கடைசிவரை பேசவில்லை. அப்புறம் நிதானமாகக் கேட்டார்: "எதிர்த்தரப்புச் சாட்சியைக் கூண்டிலேயே ஏற்றலையே, கவனிச்சீங்களா?"

அவர் சொன்னது மான்சினி என்ற இத்தாலியரை. 1483 கோடையில் லண்டனில் இருந்தவர். அந்த வருடமே எழுதியும் வைத்தார். பிள்ளைகள் நாளுக்கு நாள் கண்ணில் படுவது குறைந்து, பிறகு அறவே காணாமல் போனார்கள் என்கிறார். கொன்றார்களா என்பது தனக்குத் தெரியவில்லை என்றும் நேர்மையாகச் சொல்கிறார். அந்தக் குறிப்பு 1936-இலேயே அச்சாகிவிட்டது. நாவலில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அவ்வளவுதான், கூடம் இரண்டாகிவிட்டது. நாவலுக்கு எதற்கு இரு தரப்பும் என்றார் ஒருவர். எனக்கு அது சரியாகப் படவில்லை. மோரின் நேர்மையைக் கேள்வி கேட்கிற புத்தகம் தன் ஆதாரத்தை மட்டும் பொறுக்கி எடுக்கலாமா?

நடுவில் ஒருவர், 2012-இல் லெஸ்டர் நகரக் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் ரிச்சர்டின் எலும்புக்கூடு கிடைத்த கதையை எடுத்தார். பழைய கதைகள் சொன்ன கூன் இல்லை, ஆனால் முதுகெலும்பு நன்றாகவே வளைந்திருந்தது. இரண்டு தரப்பும் அதைத் தங்கள் வெற்றி என்றன.

காபி ஆறிப்போனதுதான் மிச்சம். அடுத்த மாதத்துக்கு வைத்திருந்த புத்தகத்தைத் தள்ளிவைத்துவிட்டு, இதையே மறுபடி பேசினோம்.