இஞ்சி மட்டும் ஏன் மாறவில்லை? மொழியியல் படிக்க ஆசைப்படும் மகளின் அப்பாவுக்கு

அன்புள்ள அண்ணா,

சனிக்கிழமை நம் பாலக்காட்டு எல்லையோர வேலந்தாவளம் சந்தையை முடித்துக்கொண்டு நேராகப் பள்ளிக்கு வந்துவிட்டீர்கள். தோளில் சாக்குத் தூசி கூட அப்படியே இருந்தது. "மொழியியல் படிச்சா வேலை கிடைக்குங்களா சார்? இல்ல, பேசாம நர்சிங்குலயே சேர்த்துடலாமுங்களா?" என்று கேட்டீர்கள். அதற்குள் அடுத்த பெற்றோர் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். பாதியில் விட்ட பேச்சைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு பையன் படித்தான். தமிழ், மலையாளம், தெலுங்கு, இந்தி நான்கும் தண்ணீர் பட்ட பாடு. "நீ மொழியியலுக்கே பிறந்தவன்டா" என்று சொல்லி எம்.ஏ.வுக்கு அனுப்பிவைத்தேன். ஜெர்மனும் பிரெஞ்சும் கற்றுத்தருவார்கள் என்று நினைத்துப் போனவனிடம், முதல் வாரமே நாக்கும் அண்ணமும் தொண்டையும் வரைந்த படத்தைக் கொடுத்து, 'ழ' எங்கே பிறக்கிறது என்று குறிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு செமஸ்டரோடு ஊர் திரும்பிவிட்டான். இப்போது கோவையில் டிராவல்ஸ் வைத்திருக்கிறான், நன்றாகவே இருக்கிறான். ஆனால் அந்த ஆறு மாதம் வீணானதற்கு நான்தான் காரணம். பல மொழி பேசத் தெரிவதும், ஒரு மொழி எப்படி இயங்குகிறது என்று துருவிப் பார்ப்பதும் வேறு வேறு புத்தி என்பது அன்றைக்கு எனக்கே பிடிபடவில்லை.

அதனால் உங்கள் மகளிடம் எத்தனை மொழி தெரியும் என்று நான் கேட்கவே இல்லை. அவளாகவே ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து நீட்டினாள். நீங்கள் அதைப் பார்த்திருக்கிறீர்களா? இடப்பக்கம் நம் வீட்டுச் சொல், வலப்பக்கம் பக்கத்து வீட்டு மலையாளம். மாங்காய் – மாங்ங. தேங்காய் – தேங்ங. மஞ்சள் – மஞ்ஞள். கஞ்சி – கஞ்ஞி. வந்தது, வந்தான், வந்தாள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு 'வந்நு'. அதற்குக் கீழே, 'ங்க, ஞ்ச, ந்த மாறுது. வண்டி, கொம்பு மாறலை' என்று எழுதியிருக்கிறாள். கடைசி வரிக்கு மட்டும் இரண்டு அடிக்கோடு: 'இஞ்சியும் பந்தும் ஏன் மாறலை?' அவள் கணக்குப்படி 'இஞ்ஞி', 'பந்நு' என்று ஆகியிருக்க வேண்டும், ஆனால் மலையாளத்திலும் அவை அப்படியே நிற்கின்றன.

அண்ணா, முதலமடை மாங்காயை நாம் கூடை கூடையாக ஏற்றி அனுப்பியிருக்கிறோம். மாங்காய்க்கும் மாங்ஙவுக்கும் நடுவில் ஒரு விதி ஒளிந்திருக்கிறது என்று ஒருநாளாவது நினைத்திருப்போமா?

இந்தக் கேள்விக்கு ஒரு பரம்பரையே உண்டு. மொழிகளை அக்கா தங்கைகளாகப் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடுவதை வரலாற்று மொழியியல் என்பார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஒரே குடும்பம், சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்று 1816-ல் சென்னையில் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் எழுதியதும், 1856-ல் கால்டுவெல் அதைப் பெரிய ஒப்பிலக்கணமாக விரித்ததும் இந்த வழியில்தான். 1870-களில் ஜெர்மனியில் இளம் ஆய்வாளர்கள் சிலர், ஒலி மாற்றத்துக்கு விதிவிலக்கே கிடையாது என்று அடித்துச் சொன்னார்கள். விலக்கு மாதிரித் தெரிந்தால், நாம் இன்னும் கண்டுபிடிக்காத ஒரு காரணம் அதன் பின்னால் இருக்கிறது என்பது அவர்கள் கட்சி. டென்மார்க்காரர் வெர்னர் 1877-ல் வெளியிட்ட கட்டுரையில், அதுவரை விலக்கு என்று ஒதுக்கிவைத்திருந்த ஒரு கூட்டத்துக்கே காரணம் காட்டினார். உங்கள் மகளின் இஞ்சியும் பந்தும் அந்த வகைக் கேள்வி. யாரும் சொல்லித்தராமல் அங்கே போய் நிற்கிறாள் என்றால், அதை நான் சும்மா விட மாட்டேன்.

ஆனால் மொழியியல் அந்த ஒரு வழியோடு முடிவதில்லை. எந்த வழி என்பதைப் பொறுத்துத்தான் வேலையும் அமையும். அதை விளக்காமல் 'ஸ்கோப் இருக்கு, ஸ்கோப் இல்லை' என்று பேசுவது வீண் பேச்சு.

இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது ஒரு சோதனை செய்யுங்கள். "குமார், ரவி தன்னைத் திட்டினான்னு சொன்னான்." திட்டு வாங்கியது யார் என்று கேளுங்கள். வீட்டில் எல்லாரும் குமார் என்பார்கள். 'தன்னை' என்ற சொல், பக்கத்தில் இருக்கும் ரவியை விட்டுவிட்டுத் தள்ளி நிற்கும் குமாரைப் போய்ப் பிடிக்கிறது. இதை நமக்கு எந்த வாத்தியார் சொல்லிக்கொடுத்தார்? யாரும் இல்லை. அப்படியானால் இந்த அறிவு தலைக்குள் எப்படி வந்தது என்று கேட்பதுதான் 1957-க்குப் பிறகு அமெரிக்க மொழியியலாளர் சாம்ஸ்கி கிளப்பிவிட்ட வழி. இதில் கணக்குப் போடுகிற புத்தி வேண்டும். மேலே போனால் உளவியல், மூளை அறிவியல் பக்கம் திரும்பலாம்.

நேர் எதிராக, சாம்ஸ்கியார் தலைக்குள் தேடுவதை நாங்கள் தெருவில் தேடுகிறோம் என்று ஒரு கூட்டம் உண்டு. சமூக மொழியியல்காரர்கள். 1962-ல் அவர்களில் ஒருவரான லபோவ் நியூயார்க்கில் விலை கூடியது, நடுத்தரம், மலிவு என்று மூன்று பெரிய பல்பொருள் கடைகளுக்குள் போய், நாலாவது மாடியில் இருக்கும் ஒரு பொருள் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். பதில் 'ஃபோர்த் ஃப்ளோர்' என்றுதான் வரும், இரண்டு சொல்லிலும் 'ர்' உண்டு. பதில் சொன்ன விற்பனையாளர்களில் எத்தனை பேர் 'ர்' ஒலியைத் தெளிவாகச் சொன்னார்கள் என்று குறித்துக்கொண்டார். கடை உசத்தியாக உசத்தியாக 'ர்' கூடியது. நம் கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் இதைவிட நல்ல சோதனைக்கூடம் இருக்கிறது: பொள்ளாச்சி பஸ் நிற்கும் பக்கம் 'டீ' கேட்கிற அதே ஆள், பாலக்காடு பஸ் நிற்கும் பக்கம் 'சாயா' கேட்கிறார். எப்போது மாற்றுகிறார், யாரிடம் மாற்ற மறுக்கிறார்? கல்விக் கொள்கை, சிறுபான்மை மொழிப் பள்ளிகள் பற்றியெல்லாம் பேச இந்த ஆட்கள் தேவை. கேரளத்தில் தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைக்கு அந்தக் கஷ்டம் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று, காடு மலை ஏறி எழுதிவைப்பது. நம் மாவட்டத்திலேயே அட்டப்பாடியில் இருளரும் முடுகரும் குறும்பரும் தங்கள் மொழிகளைப் பேசுகிறார்கள். இப்படிப்பட்ட மொழிகளுக்குச் சொல் சேர்த்து, இலக்கணம் எழுதி, குரலைப் பதிவு செய்வது விளக்க மொழியியல். 1969-ல் தொடங்கிய மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், பத்தாயிரத்துக்கும் குறைவானவர்கள் பேசும் மொழிகளுக்கென்றே ஒரு திட்டம் நடத்துகிறது. வேலை உண்டு, ஆனால் பெரும்பாலும் ப்ராஜெக்ட் வேலை. திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும்.

சம்பளம்தான் உங்கள் கவலை என்றால் கணினி மொழியியல். 'போகவேண்டியிருந்ததாம்' என்ற ஒரு சொல்லுக்குள் போவது, கட்டாயம், இறந்தகாலம், 'யாரோ சொன்னார்கள்' என்பது எல்லாம் அடங்கியிருக்கிறது. இதைக் கம்ப்யூட்டருக்குப் பிரித்துக்காட்ட ஆள் வேண்டும். ஹைதராபாத்தில் ஐ.ஐ.ஐ.டி. என்கிற பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் பி.டெக். கணினியையும் கணினி மொழியியல் ஆராய்ச்சிப் பட்டத்தையும் ஐந்து வருடத்தில் சேர்த்தே தருகிறார்கள். பிளஸ் டூவில் கணிதம் வேண்டும், நுழைவுத் தேர்வு கடுமையானது. நாளைக்கு என்ன ஆகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாத துறை என்றாலும், கையில் கணினிப் பட்டமும் இருப்பதால் நஷ்டம் குறைவு.

உங்கள் நர்சிங் ஆசைக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. பேச்சு வராத குழந்தை, பக்கவாதம் வந்து பேச்சு போனவர்கள், காது கேளாதவர்கள், இவர்களுக்குச் சிகிச்சை தரும் பி.ஏ.எஸ்.எல்.பி. படிப்பு. பயிற்சிக் காலத்தோடு சேர்த்து நான்கு வருடம். மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம், திருவனந்தபுரத்தில் 'நிஷ்' என்கிற தேசியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இரண்டிலும் இருக்கிறது. அறிவியல் பிரிவு படித்தவர்களுக்குத்தான் கதவு. உங்கள் மகள் பயாலஜியும் கணிதமும் சேர்த்து எடுத்திருப்பதால் பிரச்சினை இல்லை. வேலைக்கு இதுதான் உறுதியான வழி. ஆனாலும் நர்சிங்குக்கும் மொழியியலுக்கும் சமாதானமாக இதை அவள் தலையில் கட்டாதீர்கள். நாள் முழுக்க நோயாளியோடு பொறுமையாக உட்காரும் மனசு வேண்டும். ஒரு நாள் ஏதாவது ஒரு மையத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள், அவள் முகமே சொல்லிவிடும்.

அவள் அந்த இஞ்சிக் கேள்வியின் பின்னாலேயே போக வேண்டும் என்றால், அவசரமில்லை. எம்.ஏ. மொழியியலுக்குப் பெரும்பாலான இடங்களில் எந்த டிகிரி படித்தவர்களையும் எடுக்கிறார்கள். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழோ, வேறெங்காவது மலையாளமோ உளவியலோ படிக்கட்டும். அப்புறம் கோவை பாரதியார் பல்கலை, காரியவட்டத்தில் கேரளப் பல்கலை, திரூர் மலையாளப் பல்கலை, ஹைதராபாத் மத்தியப் பல்கலை என்று இடம் இருக்கிறது. எம்.ஏ. முடித்த கையோடு வேலை என்று நான் சொன்னால் அது பொய். கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் எழுத வேண்டும். அதில் நல்ல மதிப்பெண் வாங்கி ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையில் பிஎச்.டி. செய்யலாம். கல்லூரி வேலைக்கு முப்பது வயது நெருங்கிவிடும். அதுவரை கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட உங்களால் முடியுமா என்பதையும் நீங்களும் அக்காவும் உட்கார்ந்து பேசுங்கள். இதை உங்கள் மகள் என்னிடம் கேட்கச் சொல்லவில்லை, ஆனால் அவள் கவலை அதுதான் என்று தோன்றுகிறது.

நர்சிங் விண்ணப்பத்தையும் போட்டு வையுங்கள், தப்பில்லை. ஐ.ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்கும், மைசூர் பி.ஏ.எஸ்.எல்.பி. நுழைவுத் தேர்வுக்கும் கடைசித் தேதியை இணையதளத்தில் பார்த்து அவளையே குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த சனிக்கிழமை சந்தை முடிந்ததும் இரண்டு பேரும் வாருங்கள். நோட்டை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள். பந்துக்கு அவள் என்ன காரணம் யோசித்திருக்கிறாள் என்று கேட்க வேண்டும்.