சேன் மாலோவில் ஓதம் 104

அன்புள்ள ஐயா,

உங்கள் பிரான்ஸ் பயணக் குறிப்புகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். நானும் என் கணவரும் இரண்டு முறை பிரான்ஸ் போயிருக்கிறோம். 2014இல் பேருந்துச் சுற்றுலா, பத்து நாளில் ஆறு நாடு. 2018இல் பாரிஸில் மட்டும் ஒன்பது நாள். இப்போது எனக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. அவரும் நீண்ட விமானப் பயணம் செய்யக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் வீட்டிலேயே பிரான்ஸ் நடத்துகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரெஞ்சு வானொலி, மாலையில் யாரோ கேமராவோடு பாரிஸ் தெருக்களில் நடக்கும் வீடியோ, மாதம் ஒருமுறை வெங்காய சூப். மகன் சிரிக்கிறான். “பழைய போட்டோவுக்கு மாலை போடுற மாதிரி இருக்கும்மா” என்கிறான். அது தைத்துவிட்டது. நாங்கள் செய்வது வெறும் ஏக்கம்தானா? நீங்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பி.கு.: பிரிட்டனியில் சாப்பிட்ட ஒரு கறுப்பு தோசையைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அந்த மாவு இங்கே கிடைக்குமா?

ம., திருச்சி

அன்புள்ள ம. அவர்களுக்கு,

உங்கள் மகன் சொன்னது நல்ல வாக்கியம். எனக்குத் தோன்றியிருக்கக் கூடாதா என்று கொஞ்சம் பொறாமைகூட வந்தது. ஆனால் தப்பு. மாலை போட்ட படத்தில் இருப்பவர் அதற்குப் பிறகு மாறுவதில்லை. என் பிரான்ஸோ நான் ஊர் திரும்பிய பிறகுதான் மாறத் தொடங்கியது.

2011இல் மகள் பிரான்ஸின் வடமேற்கில் இருக்கும் பிரிட்டனியில், ரென் நகரில் படித்துக்கொண்டிருந்தாள். அவளோடு பத்து வாரம் இருந்தேன். ஒருநாள் ரயிலேறி சேன் மாலோ என்ற கடலோர ஊருக்குப் போனேன். கோட்டை மதிலுக்குள் கருங்கல் வீடுகள், குறுகலான சந்துகள். ஒரு வீட்டுச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்று, ‘முந்நூறு வருடக் குளிர்ச்சி’ என்று நோட்டில் எழுதினேன். எனக்கே மிகவும் பிடித்துப்போன வரி அது. ஊருக்கு வந்து நாலைந்து வருடம் கழித்து, வேறு எதையோ தேடும்போது தெரிந்தது. 1944 ஆகஸ்டில் குண்டுவீச்சிலும் தீயிலும் மதிலுக்குள் இருந்த ஊரில் ஏறக்குறைய 80 சதவீதம் அழிந்திருக்கிறது. மதில் பெரும்பாலும் தப்பிவிட்டது. வீடுகளைப் போருக்குப் பிறகு பழைய சாயலிலேயே எழுப்பியிருக்கிறார்கள். நான் தடவிப் பார்த்த சுவருக்கு அநேகமாக என் வயதுதான் இருக்கும்.

முதலில் ஏமாந்த மாதிரி இருந்தது. பிறகு அந்த ஊர்மேல் மரியாதை கூடியது. கண்ணாடியும் கான்கிரீட்டுமாகக் கட்டி முடிக்க வழி இருந்தும், இடிபாட்டுக்கு நடுவே நின்றுகொண்டு பழைய கூரைச் சரிவை மறுபடி கணக்குப் போட்ட மனிதர்களை நினைத்துப் பார்க்கிறேன். சேன் மாலோவில் நின்றபோது அவர்கள் என் கண்ணில் படவே இல்லை. என் சாப்பாட்டு மேஜையில்தான் அவர்களைச் சந்தித்தேன்.

அதே பிரிட்டனியின் துறைமுகமான லோரியான் கதை இன்னும் மோசம். அந்த வழியாகவே ரயிலில் போயும் இறங்கவில்லை. “போரில் போன ஊர், பார்க்க ஒன்றுமில்லை” என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். ஜெர்மானியர்கள் அங்கே கட்டிய நீர்மூழ்கித் தளத்துக்காக 1943இல் அந்த ஊரைக் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கினார்கள் என்பது உண்மைதான். தளம் மட்டும் அசையாமல் நின்றது. ஆனால் அந்த ஊர் 1666இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகவே பிறந்தது. பெயரிலேயே கிழக்கு இருக்கிறது. அங்கே கட்டிய ‘கிழக்கின் சூரியன்’ என்ற கப்பலிலிருந்து வந்த பெயர். புதுச்சேரிக்கு வந்த கப்பல்களும் நம் துணிமூட்டைகளோடு திரும்பிய கப்பல்களும் அந்தத் துறையைச் சேர்ந்தவை. எதிர்க்கரையில் போர்-லூயி கோட்டைக்குள் கம்பெனியின் அருங்காட்சியகம் இருக்கிறது, அதில் சோழமண்டலக் கரைத் துணிகள் இருக்கின்றன. அச்சிட்ட இந்தியப் பருத்தித் துணியை 1686 முதல் 1759 வரை பிரான்ஸ் தடை செய்திருந்தது. உள்ளூர் நெசவாளர்கள் போட்ட கூச்சல் அப்படி. தடையையும் மீறி உடுத்தினார்கள். 1746இல் சென்னைக் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னேகூட சேன் மாலோவில் பிறந்தவர்தான். இது எதுவும் தெரியாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டே கடந்து போனேன்.

ஆகவே ஏக்கம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. ஆனால் போய்வந்தது ஆணி அடித்துவிட்டு வந்த மாதிரி. மாட்ட வேண்டியதையெல்லாம் இப்போதுதான் ஒவ்வொன்றாக மாட்டுகிறேன்.

நீங்கள் பார்க்கும் நடைவீடியோ மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. கேமராக்காரர் திரும்பும் பக்கமே நாமும் திரும்ப வேண்டும். மறுபடியும் பேருந்துச் சுற்றுலாதானே அது? அதற்குப் பதில் லூவர் அருங்காட்சியகத்தின் இணைய சேகரிப்பைத் திறந்து பாருங்கள். 2021இல் நாலு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களை ஏற்றினார்கள். மோனா லிசா அறையில் நீங்களும் கூட்டத்தின் முதுகைத்தான் பார்த்திருப்பீர்கள். அதே அறையில் எதிர்ச்சுவர் முழுக்க இத்தாலிய ஓவியர் வெரொனேசே 1563இல் முடித்த கானா ஊர்க் கல்யாண விருந்து இருக்கிறது, ஏறக்குறைய 10 மீட்டர் அகலம். 1797இல் நெப்போலியன் படை வெனிஸ் மடத்துச் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து எடுத்து வந்தது. வலது ஓரத்தில் ஒரு பூனை மல்லாந்து படுத்து ஜாடியைப் பிராண்டிக்கொண்டிருக்கும். அதை நான் பார்த்தது லூவரில் அல்ல, மடிக்கணினியில். அவசரமில்லாமல் ஒரு மாதத்துக்கு ஒரே படத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் ஒரு வினோதப் பழக்கமும் உண்டு. தினமும் காலைக் காப்பியோடு சேன் மாலோவின் ஓத எண்ணைப் பார்ப்பேன். ஓதத்தின், அதாவது கடல் ஏறி வற்றுவதன், பலத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் 20இலிருந்து 120 வரை ஓர் எண்ணால் சொல்வார்கள். 100ஐத் தாண்டினால் பெரிய ஓதம். நம் மெரினாவில் கடல் ஏறுவதும் வற்றுவதும் ஒரு மீட்டர் அளவுதான், நாம் கவனிப்பதுகூட இல்லை. அங்கே பெரிய ஓத நாளில் 12 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். வற்றும்போது நடந்தே போகக்கூடிய ஒரு பாறைத்தீவில் பிரெஞ்சு எழுத்தாளர் ஷத்தோப்ரியானின் கல்லறை இருக்கிறது. கல்லறையில் அவர் பெயர் கிடையாது. கடலைப் பார்த்த ஒரு சிலுவை மட்டும். நேரம் பார்க்காமல் போனால் தண்ணீர் ஏறி, அடுத்த வற்றம் வரை எழுத்தாளரோடு இருக்க வேண்டியதுதான். “இன்னிக்கு நூத்தி நாலு” என்று நேற்று சொன்னபோது என் மனைவி பேப்பரிலிருந்து தலை தூக்காமல் “துணி காயுமான்னு பாருங்க” என்றாள். எதற்கும் பயன்படாத எண்தான். ஆனால் அந்தக் கடல் இன்று என்ன செய்கிறது என்பது எனக்குத் தெரிகிறது, 2011இல் என்ன செய்தது என்பது மட்டுமல்ல.

வானொலி கேட்கிறீர்கள் என்பதில் சந்தோஷம். ஃபிப் கேட்டிருக்கிறீர்களா? 1971இல் தொடங்கியது. ஜாஸுக்குப் பின் ஆப்பிரிக்கப் பாட்டு, அதற்குப் பின் எதுவும் வரலாம். நடுவில் தாழ்ந்த குரலில் இரண்டு வாக்கியம், அவ்வளவுதான். மொழி கொஞ்சம் பிடிபட வேண்டுமென்றால் பிரான்ஸின் சர்வதேச வானொலியான ஆர்.எஃப்.ஐ.யில் எளிய பிரெஞ்சுச் செய்தி பத்து நிமிடம் வருகிறது.

இன்னொன்று, காசு செலவில்லாதது. ரென்னில் முதல் வாரம் ரொட்டிக் கடைக்குள் நுழைந்ததும் “ஒரு பகெத்” என்றேன். கடைக்கார அம்மாள் என்னைப் பார்த்து நிதானமாக “போன்ழூர், முஸ்யே” (வணக்கம், ஐயா) என்றார். ரொட்டியைத் தொடவில்லை. நான் திரும்ப போன்ழூர் சொன்ன பிறகுதான் கை நகர்ந்தது. அங்கே அது மரியாதையின் முதல் படி, அதைத் தாண்டி எதையும் கேட்க முடியாது. ஊருக்கு வந்து எங்கள் மளிகைக் கடையில் வணக்கம் சொல்லிவிட்டுப் பருப்பு கேட்டுப் பார்த்தேன். அண்ணாச்சி கவலையோடு, “என்ன சார், கணக்கு எழுதணுமா?” என்றார். ஒரு மாதம் விடாமல் சொன்னேன். இப்போது அவரே முந்திக்கொள்கிறார்.

சரி, கறுப்பு தோசை. அதன் பெயர் கலெத். ரென்னில் சனிக்கிழமை காலை லீஸ் சதுக்கச் சந்தையில் அதைச் சுருட்டி நடுவில் சாஸேஜ் வைத்துக் கொடுப்பார்கள், நடந்துகொண்டே சாப்பிடுவது. கோதுமை சரியாக விளையாத ஏழை மண்ணின் உணவு. அதற்கான மாவு சர்ராஸின். அது புல் வகைத் தானியமே அல்ல, கோதுமையின் பசைத்தன்மையும் கிடையாது. வடக்கே விரதத்துக்குச் சாப்பிடும் குட்டு மாவு அதுதான். மாவு, தண்ணீர், உப்பு, வேறொன்றும் வேண்டாம். கரைத்து ஃபிரிட்ஜில் இரவு முழுக்க வையுங்கள். ரவா தோசைக்குக் கரைப்பதைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும். இரும்புக் கல் நன்றாகக் காய வேண்டும். அவர்கள் கொழுப்பில் தோய்த்த துணியால் கல்லைத் துடைப்பார்கள், நமக்குப் பாதி வெங்காயம் போதும். கரண்டியால் அழுத்தித் தேய்த்தால் கிழியும். அவர்களிடம் டி எழுத்து மாதிரி ஒரு மரக்கட்டை இருக்கும். நான் மாவை ஊற்றியதும் கல்லையே தூக்கிச் சுழற்றிவிடுகிறேன். நடுவில் முட்டையும் துருவிய சீஸும் போட்டு நாலு பக்கமும் மடித்துச் சதுரமாக்குங்கள். வெண்ணெய்க்கு நம் அமுலே சரி. பிரான்ஸின் மற்ற இடங்களில் உப்பில்லா வெண்ணெய்தான் வழக்கம், பிரிட்டனி மட்டும் உப்பு வெண்ணெய்க்காரர்கள். பழைய உப்பு வரியிலிருந்து விலக்குப் பெற்ற மாகாணம் அது. முதல் கலெத் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். அதை உங்கள் மகனுக்குக் கொடுங்கள்.

மாவு திருச்சியில் வடநாட்டு மளிகைக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். நவராத்திரியையொட்டி வாங்கினால் புதிதாக இருக்கும். பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடை அடித்தால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.