டொமாட்டில்லோவில் பச்சை சல்சா செய்வது எப்படி? பச்சைத் தக்காளியில் செய்தால் ஆகாதா?

டொமாட்டில்லோ பழுக்காத தக்காளி இல்லை. காகிதம் போன்ற உறைக்குள் காய்க்கும் வேறு செடி. நம்மூர் சொடக்குத் தக்காளிக்கு நெருங்கிய சொந்தம். மெக்சிகோவின் சல்சா வெர்தே என்னும் பச்சைச் சட்னிக்கு இதுதான் உயிர். இந்தப் புளிப்பும் லேசான கொழகொழப்பும் தக்காளிக் காயில் வரவே வராது.

அரை கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். உறையை உரித்தால் காய் பிசுபிசுவென்று கையில் ஒட்டும். அது அழுக்கு இல்லை, ஆனால் கசக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்துக் கழுவிவிடுங்கள். அப்புறம் காய்ந்த இரும்புக் கல்லில், எண்ணெய் விடாமல், 2 செரானோ மிளகாய் (மெக்சிகோவின் காரமான பச்சை மிளகாய்), உரிக்காத 2 பல் பூண்டோடு போட்டுச் சுட வேண்டும். தோலில் கருப்புத் திட்டு விழும், பளிச்சென்ற பச்சை மங்கிப் பழுப்பு கலந்த பச்சையாகும். அப்போதே இறக்குங்கள். வெடிக்கும்வரை விட்டால் சாறெல்லாம் கல்லிலேயே போய்விடும்.

பூண்டை உரித்து, மிளகாய், உப்போடு முதலில் அரையுங்கள், பிறகு காய்களைச் சேருங்கள். மெக்சிகோவில் மொல்காஹேத்தே என்னும் எரிமலைக்கல் உரலில் அரைப்பார்கள். மிக்ஸி என்றால் இரண்டே சுற்று. நைசாகிவிட்டால் ருசியே போச்சு. பொடியாக நறுக்கிய வெங்காயமும் கொத்தமல்லியும் கடைசியில் கலந்தால் போதும்.

ஃப்ரிட்ஜில் வைத்தால் ஜெல்லி போல இறுகும். கெட்டுப்போகவில்லை, காயிலுள்ள பெக்டின் என்னும் இறுக வைக்கும் பொருள்தான் காரணம். ஒரு கரண்டி தண்ணீர் விட்டுக் கலக்குங்கள், சரியாகிவிடும்.