காது அடைப்பு உள்ளவர்கள் ஸ்கூபா டைவிங் போகலாமா?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். ஹேவ்லாக்கில் ஸ்கூபா டைவிங் செய்ய ஆசை. ஆனால் விமானம் தரையிறங்கும்போதே எனக்குக் காது அடைத்து வலிக்கும். சைனஸ் தொல்லையும் உண்டு. மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால் போதுமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: விமானம் இறங்கும்போது கேபினுக்குள் கூடும் அழுத்தம் மொத்தமும் சேர்ந்தே சுமார் இரண்டரை மீட்டர் ஆழத் தண்ணீருக்குத்தான் சமம். அதுவும் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் மெதுவாகக் கூடுகிறது. கடலில் அதே அழுத்தம் சில நொடிகளில் வந்துவிடும். முதல்முறை இறங்குபவர்கள் 12 மீட்டர் வரை போவது உண்டு. அதனால் டைவிங்கைப் பதிவு செய்யும் முன்பே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

செவிப்பறைக்குப் பின்னால் உள்ள காற்றறையை மூக்கின் பின்பக்கத்தோடு இணைப்பது யூஸ்டேசியன் குழாய். சாதாரணமாக மூடியே இருக்கும். எச்சில் விழுங்கினால், கொட்டாவி விட்டால் திறக்கும். ஆழம் கூடக்கூட இந்த வழியாகக் காற்று உள்ளே போனால்தான் செவிப்பறையின் இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாகும். காற்றை அனுப்பாமல் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் இறங்கினாலே சிலருக்குக் குழாயின் வாய் இறுகிப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு ஊதினாலும் திறக்காது. வலி வந்த பிறகு முயற்சி செய்வது தாமதம்தான்.

ஆகவே தண்ணீருக்கு மேலே இருக்கும்போதே ஒருமுறை காதைத் திறந்துகொள்ளுங்கள். இறங்க ஆரம்பித்ததும் ஒவ்வொரு அரை மீட்டருக்கும் செய்யுங்கள். தலைகீழாக வேண்டாம், கால் கீழே, தலை மேலே இருக்கும்படி கயிற்றைப் பிடித்து இறங்கினால் காது சுலபமாகத் திறக்கும். மூக்கைப் பொத்தி ஊதுவது எல்லோருக்கும் தெரிந்த முறை. ஆனால் பலமாக ஊதினால் உட்செவியின் மெல்லிய சவ்வு கிழிந்து, கேட்கும் திறனே நிரந்தரமாகக் குறையக்கூடும். மூக்கைப் பொத்திக்கொண்டு எச்சில் விழுங்குவது மென்மையான வழி. இன்னொன்று, மூக்கைப் பொத்தியபடி 'க்' என்று சொல்வதுபோல் நாக்கின் அடிப்பகுதியை மேலே தள்ளுவது. இரண்டையும் இன்றிலிருந்தே வீட்டில் பழகுங்கள். இரண்டு காதிலும் 'டக்' என்று கேட்க வேண்டும்.

கடலுக்குள் ஒரு காது திறக்கவில்லையா? உடனே நில்லுங்கள். உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டி, காதைச் சுட்டிக்காட்டுங்கள், பயிற்றுநருக்குப் புரியும். ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி முயலுங்கள். அப்போதும் திறக்காவிட்டால் அன்றைக்கு டைவ் வேண்டாம். கட்டிய பணம் போகிறதே என்று வலியைப் பொறுத்துக்கொண்டு இறங்குபவர்களுக்குத்தான் செவிப்பறை கிழிகிறது.

சரி, மாத்திரை? சளியோடு இறங்க அதை நம்பாதீர்கள். கடலுக்கடியில் மருந்தின் வேகம் குறைந்தால் மேலே வரும்போது காற்று வெளியேற முடியாமல் காதுக்குள் சிக்கும். கீழேயே தங்கவும் முடியாது, சிலிண்டரில் காற்று தீர்ந்துகொண்டிருக்கும். சளி பிடித்திருந்தால் முழுதாகக் குணமாகும்வரை காத்திருங்கள். அலர்ஜிதான் காரணம் என்றால் மருத்துவர் தரும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயை ஓரிரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். அது முந்தின நாள் அடித்தால் வேலை செய்யாது. காதில் அடைப்பான் மட்டும் வைக்கவே கூடாது, அழுத்தம் அதைக் காதுக்குள் தள்ளிவிடும்.

டைவ் முடிந்தபின் தலைசுற்றல், காதில் இரைச்சல், கேட்பதில் மந்தம், ரத்தக் கசிவு என எது இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். அதுவரை மூக்கைப் பொத்தி ஊத வேண்டாம், காதில் எந்தச் சொட்டு மருந்தும் விட வேண்டாம்.